சொட்டும் துளியும்: காரணம் கூறாத் தமிழுக்கு ஒரு மறுப்பு

தமிழில் அறிவியல் எழுதப்படுவதில்லை என்னும் பழைய முறைப்பாடு இன்று பொருந்தாது. எழுதப்படுகிறது; நாளிதழ்களின் வார மலர்களிலும் பாடசாலை மலர்களிலும் பரீட்சை வழிகாட்டிகளிலும் குறைவின்றியே எழுதப்படுகிறது. குறை அளவில் இல்லை, வகையில் உள்ளது. நம்மிடையே எழுதப்படும் அறிவியலிற் பெரும்பகுதி வெறுஞ் செய்தியாகும். இன்னார் இன்னதைக் கண்டுபிடித்தார், அது வியப்புக்குரியது, அதற்குப் பரிசு கிடைத்தது. இத்துடன் கட்டுரை முடிந்துவிடும். அது ஏன் அவ்வாறு இருக்கிறது, வேறு விதமாக இருத்தல் கூடாதா, அறிஞர் முன்பு எதிர்பார்த்தது யாது, அந்த எதிர்பார்ப்பு எவ்விடத்திற் பிழைத்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதேயில்லை. காரணத்தை விடுத்து முடிவை மட்டும் தருவது அறிவியலன்று. அறிவியலைப் பற்றிய வதந்தியே அது.

இவ்வழக்கத்துக்கு மூவர் துணை நிற்கின்றனர். முதலாமவர், உயர்ந்த பௌதிகவியலின் காரணங்களைத் தமிழிற் கூற இயலாது என்பவர். இரண்டாமவர், கூற இயன்றாலும் நமக்கு அதனால் யாது பயன் என்பவர். மூன்றாமவர், இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தவை என்று மகிழ்ந்து, மேலே கற்க வேண்டிய தேவையையே ஒழித்துவிடுபவர். மூவரும் தம்முள் முரண்படுவோர் போலத் தோன்றினும் விளைவால் ஒருவரே. மூவர் வழியிலும் மாணவன் காரணத்தைச் சென்றடைவதில்லை.

இவர்களுக்கு எதிராகக் கொள்கை பேசுவதிலும் ஓர் உதாரணத்தைச் செய்து காட்டுவதே சாலும். அவ்வுதாரணமாக அண்மைக்காலப் பௌதிகவியலில் தோன்றிய ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். தனிப்பூச்சியத்தை அண்டிய வெப்பநிலையில் உள்ளதும் காற்றைவிடப் பன்மடங்கு ஐதானதுமான ஓர் அணு வாயு, பாத்திரம் எதுவுமின்றி, வெற்றிடத்தின் நடுவே தானே திரண்டு திரவத் துளியாக நிற்கிறது. 2015இல் அது கொள்கையளவிற் கூறப்பட்டது. 2016இல் ஆய்வுகூடத்திற் காணப்பட்டது.

முள்ளியவளைப் பிள்ளை

இரண்டாமவரின் வாதத்தை முதலிற் கேட்போம். மூன்றனுள் நேர்மையானது அதுவே. அவர் கூறுவது இது: முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளையை நோக்குங்கள். நெல் வயலும் குளமும் கிணறும் வாழ்வாதாரமாகக் கொண்ட ஊர். அயலூரின் பெயரே தண்ணீரூற்று. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரில் ஊரவர் இடம்பெயர்ந்து, யாவற்றையும் இழந்து, பின்வந்த ஆண்டுகளில் மீண்டு வந்து கூரை முதற்கொண்டு கட்டியெழுப்பினர். அங்குள்ள பிள்ளைக்கு நீர்ப்பாசனமும் கணக்கியலும் மருத்துவத் தாதியியலும் கற்பியுங்கள். வெற்றிடத்தில் நிற்கும் அணுத்துளி அவனுக்கு எதற்கு?

இவ்வினாவிலுள்ள கரிசனையை நாம் எள்ளவில்லை. வறுமை மெய், தேவை மெய். ஆயினும் இதே வினா கொழும்பிலுள்ள பிள்ளையைக் குறித்துக் கேட்கப்படுகிறதா? ஸ்ருட்காட்டிலுள்ள பிள்ளையைக் குறித்துக் கேட்கப்படுகிறதா? கேட்கப்படுவதில்லை. ஆகவே இது அறிவியலின் பயன் பற்றிய வினாவன்று. எவர் எதனைக் கற்கத் தகுந்தவர் என்னும் பழைய வினா. கல்வி எவருக்கு உரியது என்பதைப் பிறப்பைக் கொண்டு தீர்மானித்த சமுதாயத்தில் வாழ்ந்தவர்கள், அதனை ஊரைக் கொண்டு தீர்மானிக்க முற்படும்போது ஐயுறக் கடமைப்பட்டவர்கள்.

மேலும், முள்ளியவளை வித்தியானந்தக் கல்லூரி போன்றதொரு பாடசாலையிற் க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் பயிலும் மாணவன், இத்துளியின் காரணத்தை அறிதற்கு வேண்டிய அடிப்படைகளுட் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே தமிழிற் கற்றிருக்கிறான். அலைநீளம், மீடிறன், அடர்த்தி, அமுக்கம், சக்தி இழிவாகும் நிலையே உறுதிநிலை என்பது: இவையே வேண்டுவன. கீழே கூறப்படுவதை அவன் கையிற் கொடுத்துச் சோதிக்கலாம்.

துளியின் காரணம்

திரவம் ஏன் திரவமாக நிற்கிறது? சேம்பிலையில் உருளும் மழைத்துளி ஏன் ஆவியாய்ச் சிதறாமலும் ஒரு புள்ளியாய்ச் சுருங்காமலும் இருக்கிறது? பாடநூல் தரும் விடை, 1873இல் ஒல்லாந்தரான வந்தர் வால்சு தந்த விடையின் வழிவந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று கவர்கின்றன. ஆனால் ஒன்றன் இடத்துள் மற்றொன்று புக முடியாதவாறு மிக அண்மையிற் கடுமையாகத் தள்ளுகின்றன. கவர்ச்சி துளியைச் சேர்த்துப் பிடிக்கிறது. தள்ளுகை சுருங்காமற் காக்கிறது. ஆகவே சாதாரண திரவத்தில் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்.

நாம் எடுத்துக்கொண்ட துளியில் நிலைமை வேறு. அதனையொத்த குளிர் வாயுக்களில் ஒரு கன சென்ரிமீற்றரில் உள்ள அணுக்களின் தொகை, 1இன் பின் 14 பூச்சியங்களை இட்டால் வரும் எண்ணளவினது. சுவாசிக்கும் காற்றின் மூலக்கூறுகளோ அதனைப் போல் இலட்சம் மடங்கிலும் மிகுந்தவை. பொற்றாசியத் துளி, திரவ ஈலியத்தைவிடப் பத்துக் கோடி மடங்கு ஐதானது. அணுவுக்கும் அணுவுக்கும் இடைத்தூரம் அணுவின் பருமனைப் போற் பல நூறு மடங்கு. தொட்டுக்கொள்ளாத அணுக்கள் ஒன்றன் இடத்தை மற்றொன்று காத்தல் எவ்வாறு? பாடநூலின் விடை இங்கு செல்லாது. செய்திக் கட்டுரை 'விந்தையான திரவம்' என்று எழுதி நின்றுவிடும் இடம் இதுவே. காரணக் கட்டுரை தொடங்க வேண்டிய இடமும் இதுவே.

முதலில் இவ்வாயுவின் வரலாறு. 1924இல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத் போசு, ஒளித் துணிக்கைகளை எண்ணும் புதியதொரு முறையைக் கட்டுரையாக எழுதி ஐன்ஸ்ரைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்ரைன் அதனை ஜேர்மன் மொழியில் தாமே பெயர்த்து வெளியிடச் செய்தார். தொடர்ந்து அம்முறையை அணுக்களுக்கும் விரித்து, போதிய அளவு குளிர்விக்கப்பட்ட வாயுவின் அணுக்கள் பெருந்தொகையாக ஒரே நிலையில் ஒடுங்கும் என்று 1925இற் காட்டினார். அது நிகழ்ந்தமை காணப்பட்டது 1995இல். அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கோர்ணெலும் கார்ல் வீமனும் ருபீடிய அணுக்களில் அதனைக் கண்டனர். அவ்வாண்டே வொல்ப்காங் கெற்றலே சோடியத்திற் கண்டார். மூவருக்கும் 2001இல் நோபெல் பரிசு கிடைத்தது. வெப்பநிலை, ஒரு கெல்வினின் பத்திலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு.

இவ்வொடுக்கத்தில் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளினால், அடைப்பை நீக்கியதும் வாயு விரிந்து சிதறும். கவர்ந்தால்? ஓர் அணுவுக்குரிய சக்தி, சுற்றியுள்ள அணுக்களின் அடர்த்திக்கு விகிதசமமாக இறங்குகிறது. அடர்த்தி கூடக்கூடச் சக்தி குறையும். குறையக் குறைய வாயு மேலுஞ் சுருங்கும். தடுப்பார் எவருமிலர். 2001இற் போல்டரில் ருபீடியத்தின் மற்றொரு சமதானியில், காந்தப்புலத்தை மாற்றித் தள்ளுகையைக் கவர்ச்சியாக்கியபோது வாயு உள்நோக்கிச் சரிந்து வெடித்துச் சிதறியது. ஆகவே சிதறல் அல்லது சரிவு. இடையே திரவம் என ஒன்று இல்லை. இதுவே எதிர்பார்ப்பு.

இவ்வெதிர்பார்ப்பில் ஒரு சிறு உறுப்பு விடப்பட்டிருந்தது. 'சொட்டு' என்னும் நம் பாடநூற் சொல் இங்கு உதவுகிறது. சொட்டுக் கொள்கையின்படி எவ்வதிர்வும் தனிப்பூச்சியத்திலும் முற்றாக ஓய்வதில்லை; ஒவ்வொன்றிலும் அரைச் சொட்டுச் சக்தி எஞ்சியிருக்கும். சொட்டின் பருமன் மீடிறனுக்கு விகிதசமம். வீணையின் தந்தியை முறுக்கினால் மீடிறன் உயரும். அரைச் சொட்டும் பருக்கும். அவ்வாறே வாயுவை நெருக்கினால் அதனூடு செல்லும் அலைகளின் மீடிறன் உயர, எஞ்சிய சக்தியுங் கூடும். நெருக்குவதற்கு ஒரு விலை உண்டு என்பதே இதன் பொருள்.

அவ்விலை எவ்வளவு? கணக்கிடுவோம். அலைநீளம் பெரிதாயின் அணுக்கள் கூட்டாக அசைந்து ஒலியலையாகும். மிகச் சிறிதாயின் ஒவ்வொன்றும் தனித்தனியே ஓடும். இரண்டுக்கும் எல்லை, ஒலிக்கதியில் ஓடும் ஓர் அணுவுக்கு டி புரோக்லியின் விதி தரும் அலைநீளமாகும். அது ஒலிக்கதிக்கு நேர்மாறு விகிதமுடையது. ஓரலகு கனவளவில் அடங்கும் கூட்டலைகளின் எண்ணிக்கை, எல்லை அலைநீளத்தின் கனத்துக்கு நேர்மாறு. எனவே ஒலிக்கதியின் கனத்துக்கு விகிதசமம். ஒவ்வோர் அலையின் மீடிறனும் கதியை அலைநீளத்தால் வகுத்தது. எனவே கதியின் வர்க்கத்துக்கு விகிதசமம். இரண்டையும் பெருக்க, கதியின் ஐந்தாம் அடுக்கு வருகிறது. ஒலிக்கதியோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம். ஆகவே ஓரலகு கனவளவில் எஞ்சும் சக்தி அடர்த்தியின் இரண்டரையாம் அடுக்கு. ஓர் அணுவுக்கு ஒன்றரையாம் அடுக்கு. இவ்வுறுப்பை அதன் சரியான குணகத்துடன் 1957இற் கணித்தவர்கள் லீ, குவாங், யாங் என்னும் மூவர். அவர்களுள் லீயும் யாங்கும் வேறோர் ஆய்வுக்காக அவ்வாண்டே நோபெல் பரிசு பெற்றனர். ஐதான வாயுவில் இவ்வுறுப்பு மிகச் சிறியது. திருத்தம் என்ற பெயரளவில் நின்றது.

2015இல் பிரான்சிலுள்ள டிமித்ரி பெத்ரோவ் ஒரு வினாவை எழுப்பினார். முதலுறுப்புப் பெரிதாயிருப்பதாலன்றோ இது சிறிதாய்த் தோன்றுகிறது? முதலுறுப்பையே சிறிதாக்கினால்? இருவகை அணுக்கள் கலந்த வாயுவைக் கொள்க. ஒரே வகையன ஒன்றையொன்று தள்ளுகின்றன. வேறு வகையன கவர்கின்றன. கவர்ச்சி தள்ளுகையை மிகச் சிறிதளவே விஞ்சுமாறு காந்தப்புலத்தால் அமைத்துவிட்டால், முதலுறுப்பில் எஞ்சுவது சிறிய கவர்ச்சி மட்டுமே. ஆனால் அலைகளின் அரைச் சொட்டு அவ்வாறு குறைவதில்லை. ஏனெனில் இரு வகையும் எதிரெதிராக அசையும் அலைகளின் கதி, இவ்விசைகளின் வேறுபாட்டாலன்றி அவற்றின் கூட்டுத்தொகையாலேயே தீர்மானிக்கப்படுகிறது. பெரியவை இரண்டும் ஒன்றையொன்று நீக்கிக்கொண்ட இடத்தில், திருத்தமாயிருந்த உறுப்பு சம வலிமையுடன் எதிர்நிற்கிறது.

இனி எண்களால் நோக்குக. அலகுகளைத் தக்கவாறு தெரிந்து, இரு குணகங்களையும் 1 என்று கொள்வோம். ஓர் அணுவுக்கான கவர்ச்சிச் சக்தி, அடர்த்தியின் எதிர்மறை. தள்ளுகைச் சக்தி, அடர்த்தியின் வர்க்கமூலத்தைக் கனப்படுத்திய தொகை. அடர்த்தி 0.04 எனின் கூட்டுச் சக்தி -0.04 + 0.008, அதாவது -0.032. அடர்த்தி 0.25 எனின் -0.25 + 0.125, அதாவது -0.125. அடர்த்தி 0.64 எனின் -0.64 + 0.512, அதாவது -0.128. அடர்த்தி 1 எனின் பூச்சியம். அடர்த்தி 1.44 எனின் -1.44 + 1.728, அதாவது +0.288. சக்தி இறங்கி, ஓரிடத்தில் இழிவடைந்து, மீண்டும் ஏறுகிறது. வகையீடு கற்ற மாணவன், இழிவு நிகழும் அடர்த்தி ஒன்பதில் நான்கு என்பதைத் தானே காண்பான். அங்கு சக்தி ஏறத்தாழ -0.148. அவ்வடர்த்தியில் விரிந்தாலுஞ் சக்தி கூடும், சுருங்கினாலுங் கூடும். அமுக்கம் பூச்சியம். ஆகவே வெற்றிடத்தில், பாத்திரமின்றி, துளி நிற்கிறது. இதற்கு அணுக்கள் தொட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இதுவே காரணம், முழுக் காரணமும் இவ்வளவே.

ஆய்வுகூடத்தில் இது முதலில் வெளிப்பட்டது பெத்ரோவ் கூறிய கலவையிலன்று. ஸ்ருட்காட்டில் தில்மான் பாவின் குழுவினர் டிஸ்பிரோசியத்தை ஆய்ந்தனர். அவ்வணு ஒவ்வொன்றும் வலிய சிறு காந்தம். தலையும் வாலுமாய் நின்றால் கவரும், பக்கம் பக்கமாய் நின்றால் தள்ளும். இங்கும் இரு பெரும் விளைவுகள் ஒன்றையொன்று ஏறத்தாழ நீக்குகின்றன. சரிந்திருக்க வேண்டிய வாயு சரியாமல் துளிகளாகப் பிரிந்து ஒழுங்காக அணிவகுத்து நிற்றலை 2016இல் அவர்கள் கண்டனர். அவ்வாண்டின் பிற்பகுதியில், அடைப்பை நீக்கிய பின்னரும் துளி சிதறாது நிற்றலைக் காட்டினர். இன்ஸ்புறுக்கில் பிரான்செஸ்கா பெர்லைனோவின் குழுவினர் ஏர்பியத்தில் இத்தகைய விளைவை 2016இற் கண்டனர். பெத்ரோவ் கூறிய கலவைத் துளியைப் பார்சிலோனாவில் லெற்றீசியா தருவெலின் குழுவினரும் புளோரன்ஸ் நகர ஆய்வாளரும் பொற்றாசியத்தில் ஆக்கி, 2018இல் வெளியிட்டனர்.

துளிக்கு எல்லையும் உண்டு. துளியின் விளிம்பில் அடர்த்தி சடுதியாக மாறுவதற்கும் சக்தி வேண்டும். அணுக்கள் மிகச் சிலவாயின் இச்செலவைத் தாங்க இயலாது துளி மீண்டும் வாயுவாகிவிடும். மூன்று அணுக்கள் ஒருங்கே மோதி இரண்டு பிணைந்துவிடுதலும் ஓயாது நிகழ்வதால், அணுக்கள் குறைந்து, பொற்றாசியத் துளி ஒரு வினாடியின் மிகச் சிறு பங்கு நேரமே வாழ்கிறது. காரணத்தைக் கூறுவோர் எல்லையையுங் கூற வேண்டும்; விந்தையைக் கூறுவோருக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலாமவருக்கு விடை

மேற்கூறியவற்றுள் ஆட்பெயர், ஊர்ப்பெயர், மூலகப் பெயர்கள் நீங்கலாக, காரணத்தைத் தாங்குஞ் சொற்கள் எவை? அடர்த்தி, கதி, மீடிறன், அலைநீளம், அமுக்கம், வர்க்கமூலம், இழிவு. அனைத்தும் இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் அன்றாடம் வழங்குபவை. 'இயலாது' என்பவர் எந்தச் சொல்லில் இயலாமையைக் கண்டார் என்று சுட்டிக் கூறட்டும்.

'சொட்டு' என்னுஞ் சொல்லைச் சிலர் நகைப்பர். சொட்டும் துளியும் ஒரு பொருட் சொற்களாதலின் 'சொட்டுத் துளி' என்பது கூறியது கூறலன்றோ என்பர். அறிவியற் பாடங்களைத் தாய்மொழியிற் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் இந்நாட்டிற் கலைச்சொற்களை ஆக்கியோர், சக்தி இடையறாத் தாரையாக வழங்காமல் எண்ணத்தக்க அளவுகளாக வழங்குகிறது என்னும் 1900ஆம் ஆண்டின் பிளாங்கின் கருத்தை உள்வாங்கினர். தாரைக்கு எதிர் யாது? சொட்டு. அச்சொல்லே இன்றும் உயர்தர இரசாயனத்திற் 'சக்திச் சொட்டெண்' என நிற்கிறது. தமிழகத்தார் வழங்கும் 'குவாண்டம்' உலகப் பொதுமையுடையது. அதனை விலக்க வேண்டியதில்லை. ஆயினும் அது காதுக்கு ஓர் ஒலி. நமது சொல் கருத்துக்கு ஒரு வழி. மேலே 'அரைச் சொட்டு' என்றபோது அது விளக்கமாகவே நின்றதை வாசகர் உணர்ந்திருப்பர். மயக்கம் நேருமிடத்திற் 'சக்திச்சொட்டுத் துளி' என விரித்தெழுதினால் இடர் நீங்கும்.

இம்முயற்சி நமக்குப் புதியதுமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அவருடைய மாணவர் கற்றது செய்தியன்று. அறுவைக்கத்தியைக் கையில் எடுப்பதற்கு வேண்டிய காரணம். போசும் 1948இற் கல்கத்தாவில் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவி, வங்காள மொழியில் அறிவியல் இதழ் வெளிவர வழிசெய்தார். துளியின் கொள்கைக்கு வித்திட்டவரே தாய்மொழியில் அறிவியல் வேண்டுமென உழைத்தவர். அவருடைய 1924ஆம் ஆண்டுக் கட்டுரை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஜேர்மனில் வெளிவந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மொழி மாறியதாற் காரணம் சிதையவில்லை. ஆங்கிலத்தை நாம் பகைக்கவில்லை. பெத்ரோவின் கட்டுரையை வாசிக்க அது வேண்டும். ஆங்கிலம் வரும்வரை காரணம் காத்திருக்க வேண்டும் என்பதையே மறுக்கிறோம்.

இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் விடை

குளிர் அணுக்களைக் கொண்டு மிக நுண்ணிய மணிக்கூடுகள் இயங்குகின்றன. ஈர்ப்பை அளக்குங் கருவிகள் ஆக்கப்பட்டுள்ளன. இவற்றைக் காட்டிப் 'பயன் உண்டு' என்று வாதிட்டு வெல்வது எளிது. ஆனால் அவ்வாறு வெல்வோமாயின் இரண்டாமவரின் தராசையே நாமும் ஏற்றவராவோம். 1924இல் டாக்காவில் எழுதப்பட்ட கணக்குக்கு 1995 வரை, எழுபத்தோராண்டுகள், வாயுவில் நேர்ச்சான்று இல்லை. 1957இன் உறுப்புத் துளியின் காரணமாக ஐம்பத்தெட்டாண்டுகள் சென்றன. அன்றைய டாக்கா செல்வந்தர் நகரன்று; அதன் பல்கலைக்கழகம் 1921இலேயே தொடங்கியது; நாடு அடிமை நாடு. 'வங்காளத்து வறியோருக்கு ஒளித்துணிக்கையை எண்ணும் கணக்கு எதற்கு?' என்று எவரும் அன்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் போசு கேளாதிருந்தமை நம் நல்லூழ்.

பயன்படு கல்வி வேண்டாமென்று கூறுகிறோமல்லோம். பயன்படு கல்வி மட்டும் என்பதையே எதிர்க்கிறோம். சூத்திரத்தைப் பெற்று அதன் காரணத்தைப் பெறாதவன், சூத்திரம் பொருந்தாத இடத்தில் யாது செய்வதென அறியான். நந்திக்கடலை அடுத்த கிணறு ஏன் உவர்க்கிறது, குளத்து வான்கதவை எப்போது திறக்க வேண்டும் என்பனவும் காரண வினாக்களே. 'எதிர்பார்ப்பு எங்கு பிழைத்தது, விடப்பட்ட உறுப்பு யாது' எனக் கேட்கும் பழக்கம் ஒன்றே. அது அணுத்துளியில் வளர்ந்தாலென்ன, கிணற்றில் வளர்ந்தாலென்ன? ஒரு மாவட்டத்தின் பிள்ளைகளுக்கு முடிவுகளை மட்டும் தந்து, காரணங்களைப் பிறரிடம் வைத்திருப்பது, அவர்களை என்றும் பிறர் கணக்கின் ஏவலராக்கும் ஏற்பாடாகும்.

மூன்றாமவருக்கு நீண்ட விடை தேவையில்லை. அணு என்னுஞ் சொல் நம் பழைய நூல்களில் உண்டு. அடர்த்தியின் இரண்டரையாம் அடுக்கு இல்லை. இல்லாததை உண்டென்பது முன்னோருக்கு மரியாதையன்று. இவர்களின் உறவினர் இன்னொரு சாரார் உளர். நம்பிக்கைகளுக்குப் பௌதிகவியலிற் சான்று தேடுவோர். ஆண்டுதோறும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை ஒட்டி, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலிற் கடல்நீர் வார்த்து விளக்கெரிக்கும் வழக்கம் உண்டு. அடியார் அதனைப் பத்தியுடன் போற்றுவர். அதற்குச் சொட்டுக் கொள்கையிடம் அத்தாட்சிப் பத்திரம் கேட்பது பத்திக்கும் இழுக்கு, பௌதிகவியலுக்கும் இழுக்கு. இவ்வாறே, சிறிய உறுப்பு வென்றதைக் கொண்டு சிறிய இனம் வெல்லும் என்றும், அணுக்கள் திரண்டதைக் கொண்டு ஒற்றுமையே பலம் என்றும் மேடையிற் பேச முற்படுவோரும் உளர். அணுத்துளி எந்தச் சமூகத்துக்குந் தூது சொல்ல வரவில்லை. அதனை உவமையாக்கியவுடன் அதன் காரணம் மறைந்துவிடுகிறது. வியப்பு மட்டுமே மீண்டும் எஞ்சுகிறது.

செய்யத்தக்கது

முள்ளியவளை மாணவன் உயர்தரம் வரை தமிழிற் காரணங் கற்கிறான். பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தை அடைந்த முதல் நாளே போதனை ஆங்கிலமாகிறது. அதுவரை 'ஏன்' என்று கேட்ட நா, வாக்கியம் அமையாமையால் அடங்குகிறது. கேட்கக் கூசியவன் மனனஞ் செய்யத் தொடங்குகிறான். நல்ல மாணவரை நாம் இழக்கும் இடம் இதுவே. 2021 முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் உள்ளன. வன்னியிற் கட்டடம் எழுந்துவிட்டது; வன்னிப் பிள்ளையின் வினாவுக்கு வாக்கியம் எழவில்லை.

தமிழ்ச் சங்கங்கள் இதுவரை கவியரங்கும் பட்டிமன்றமும் நடத்தின, நடத்தட்டும். அவற்றோடு மூன்று கருமங்களை மேற்கொள்ளல் வேண்டும். ஆண்டு மலர் ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் காரணத்தை, கணக்கை ஒளியாது, முழுமையாகக் கூறுங் கட்டுரை ஒன்றேனும் இடம்பெறல் வேண்டும். முதலாண்டு மாணவர் தாம் ஆங்கிலத்திற் கேட்ட விரிவுரையைத் தமிழில் வாதித்துத் தெளியும் வாராந்த அமர்வு ஒன்றை, விரிவுரையாளர் துணையுடன் அமைத்தல் வேண்டும். கலைச்சொற் பட்டியல் தயாரிப்போர், சொல்லுக்குச் சொல் நிறுத்துவதோடு அமையாது, அச்சொல் தொழிற்படும் ஒரு வாதத்தையும் உடன் எழுதுதல் வேண்டும். வாதத்தில் நில்லாத சொல் அகராதியில் நின்று பயனில்லை.

விரிவுரையாளர்களுக்கு இறுதியாக ஒன்று. மேலே தரப்பட்ட காரணம் பரிசோதிக்கத்தக்கது. அலைகளை எண்ணிய முறையிலோ, அடுக்குகளைப் பெருக்கியதிலோ, ஒன்பதில் நான்கு என்ற விடையிலோ பிழை காண்போர் அதனை அடுத்த மலரில் எழுதுக; தமிழிலேயே எழுதுக. பாராட்டு வேண்டாம், மறுப்பு வேண்டும். ஒரு கணக்கைத் தமிழில் மறுக்க இருவர் முன்வரும் நாளில், தமிழில் இயலுமா என்னும் வினாவை எவருங் கேட்கமாட்டார்.